ஒரு மரக்கால் தவிடு

எலிக்குட்டி அழும் என்று யாராவது சொல்லியிருந்தால் செவ்வந்தி சிரித்திருப்பாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் எலிக்கூடத்தில் ஆறு வருஷமாகக் கூண்டு கழுவுகிறவள் அவள். மயிர் முளைக்காத, கண் திறக்காத, சுண்டுவிரல் நுனியளவு குட்டிகளை ஆயிரக்கணக்கில் பார்த்தாயிற்று. ஒன்றாவது சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. வாய் திறக்கும், மூடும். கொட்டாவி விடுகிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

கொட்டாவி இல்லை என்று சொன்னவள் ஷமீரா. அதிராம்பட்டினத்துப் பெண். எலிகளின் குரலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வந்தவள். விரல் தடிமனில் ஒரு மைக்கைக் கூண்டுக்கு மேலே தொங்கவிட்டு, கூட்டிலிருந்து ஒரு குட்டியை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தாள். கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக ஏதோ ஓடியது.

"நம்ம காதுக்கு எட்டாத உச்சத்துல கத்துதுக்கா. இருங்க, மெதுவாக்கிப் போடுறேன்."

மெதுவாக்கிப் போட்டாள். மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும். குழந்தை அழுது கேட்டுப் பழகிய வீட்டில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப இத்தனை வருஷமா என் காதுகிட்டயே இதுங்க அழுதுட்டுதான் இருந்துச்சா?"

"ஆமாக்கா. குளிர் தட்டினா, தனியா விட்டா அழும். அம்மா எலிக்கு மட்டும் நல்லாக் கேக்கும். ஓடி வந்து கவ்விட்டுப் போயிடும்."

அன்றைக்குக் கூண்டிலிருந்து பழைய உமியைக் கொட்டும்போது செவ்வந்திக்குக் கை கூசியது. இதுவரை எத்தனை குட்டிகளைப் பச்சைத் தண்ணீர் பட்ட கையோடு எடுத்துப் போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து என்ன செய்ய?

ஷமீராவின் ஆராய்ச்சி என்னவென்று அவளுக்குப் போகப்போகத்தான் புரிந்தது. குட்டியே போடாத ஒரு பெண் எலியை, ஈன்ற எலியோடும் அதன் குட்டிகளோடும் ஒரே கூண்டில் விடுவது. அந்தப் பெண் எலிக்குக் குட்டியின் அழுகை முதலில் காதில் ஏறாது. ஏறினாலும் அது பாட்டுக்கு உமியைக் கிளறிக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் போனால் அதுவும் ஓடிப்போய்க் குட்டியைக் கவ்வித் தூக்கக் கற்றுக்கொள்ளும். எப்படிக் கற்றுக்கொள்கிறது, அதற்குள் என்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி. ஷமீரா முதலில் 'கன்னி எலி' என்று மென்று விழுங்கிச் சொன்னாள். எதிரில் நிற்பவளுக்குப் பிள்ளை இல்லை என்று யாரோ அதற்குள் ஓதியிருக்க வேண்டும்.

"மலடின்னே சொல்லுங்க, ஷமீராம்மா. எலி ஒண்ணும் கோவிச்சுக்காது," என்றாள் செவ்வந்தி.

அந்தக் கூட்டத்தில் பதினேழாம் நம்பர் கெட்டிக்காரி. காதோரம் ஒரு பழுப்புப் புள்ளி. முதல் நாள் அது மூலையில் போய்ச் சுருண்டு படுத்தது. தாய் எலி சும்மா விடவில்லை. பின்னாலேயே போய் முட்டி முட்டித் தள்ளி, குட்டிகள் கிடந்த கூட்டுக்குள் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. நீயும் கொஞ்சம் பார் என்று மடியில் திணிக்கிற மாதிரி. மூன்றாம் நாள் பதினேழு தானாகப் போய் ஒரு குட்டியை முகர்ந்தது. ஐந்தாம் நாள் ஷமீரா ஒரு குட்டியை எடுத்துத் தள்ளி வைத்ததும் தாய் எலி தீனிப் பக்கம் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருக்க, பதினேழு பாய்ந்து போய்க் கவ்விக்கொண்டு வந்தது.

"மூணு செகண்ட்!" என்று ஷமீரா எழுதிக்கொண்டாள்.

"பெத்தது தின்னுக்கிட்டுக் கெடக்கு, இது ஓடுது பாருங்க," என்றாள் செவ்வந்தி. ஷமீரா சிரித்தாள். செவ்வந்தி சிரிக்கவில்லை. அவள் வீட்டில் நாலரை வயதில் ஒரு குட்டி இருந்தது. அதைப் பெற்றவள் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி வரப்போவதாக முதல் நாள்தான் சேதி வந்திருந்தது.

செவ்வந்தி மதிவாணனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருஷம். குத்தகை நிலத்தில் குறுவையும் சம்பாவும் போடுகிற மனுஷன், அதிர்ந்து பேசாதவர். ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, சுற்றாத கோயில் இல்லை என்கிற கதையெல்லாம் இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் சொல்லித் தேய்ந்த கதை அது. மதிவாணனின் தம்பி ராஜசேகருக்கு மனைவி மோகனப்பிரியா; நர்ஸுக்குப் படித்தவள். அவளுக்குப் பிறந்தது இரண்டும் தங்கவில்லை. ஒன்று எட்டாம் நாள், ஒன்று நாற்பதாம் நாள். மூன்றாவதாகப் பிரகதீஸ்வரி பிறந்தபோது வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. பயந்துபோய்க் கிடந்தார்கள்.

அவர்கள் வகையறாவில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. தங்காத வயிற்றில் பிறந்த பிள்ளையை முறத்தில் கிடத்தி, வேறொருத்திக்கு ஒரு மரக்கால் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால், எமன் வந்து விசாரித்தாலும் விலாசம் கிடைக்காது. பதினோராம் நாள் காலையில், மாமனாரின் அண்ணன் பஞ்சநதம் வாசல்படியில் நின்று இதை நடத்தி வைத்தார். செவ்வந்தி தவிட்டைக் கொட்டினாள். முறத்தை அவள் கையில் தூக்கிக் கொடுத்து அவர் கேட்டார்.

"யார் புள்ள இது?"

"என் புள்ள."

மூன்று தரம் கேட்டார், மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் குரல் உடைந்துபோயிற்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாங்கியத்துக்குப் போய் அழுகிறாளே என்று. அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தவிட்டை மாடு தின்று தீர்த்துவிட்டது. சொன்ன சொல்லை யார் தின்று தீர்ப்பது? அது செவ்வந்தியின் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

ஐந்து மாதத்தில் மோகனப்பிரியாவுக்குச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. கணவன் ஏற்கெனவே அங்கே கப்பல் பட்டறையில் இருந்தான். கைக்குழந்தையோடு போக முடியாது. காரில் பெட்டி ஏற்றியாகிவிட்டது. அவள் குழந்தையைக் கொண்டுவந்து செவ்வந்தியின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு பிரியா."

"தாலாட்டு மட்டும் நீங்க பாட வேணாம். நான் பாடிப் பாடி அனுப்புறேன், போன்ல போட்டுடுங்க. பெத்தவ வாயாலதான் தாலாட்டு கேக்கணும், வெறும் மடிக்காரி பாடினா புள்ளைக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொல்லுது. ரெண்டைப் பறிகொடுத்தவ நான். பயமா இருக்குக்கா."

பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எவ்வளவு பெரிய அறையையும் அறையலாம். வாங்கிக்கொள்கிறவள் முகம் சுளிக்கக்கூட முடியாது. செவ்வந்திக்கு நாக்கு நுனி வரை பதில் வந்தது. மடியில் குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நாளைக்கு இதற்கு ஒரு தும்மல் வந்தாலும் பழி தன் வாய்மேல்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. சரி என்று தலையாட்டினாள்.

சும்மா சொல்லக்கூடாது, மோகனப்பிரியா சொன்னபடி பாடி அனுப்பினாள். டூட்டி முடிந்து வந்து, ஆஸ்பத்திரி விடுதியின் லிப்ட் பக்கத்தில் நின்று பாடுவாள் போலிருக்கிறது. முதலில் ஆராரோ, அப்புறம் அவள் பிறந்தவீட்டுப் பாட்டு ஒன்று. மூன்றாவது அடியில் குரல் பிசிறும். கடைசியில் லிப்டின் மணி 'டிங்' என்று அடிக்கும். அந்த 'டிங்' வரும்போது பிரகதி அநேகமாகத் தூங்கியிருப்பாள். நாலு வருஷத்தில் ஒரு நாள் விடாமல் செவ்வந்தி அந்தப் பாட்டைப் போட்டாள். காய்ச்சல் கண்ட நாட்களிலும், மின்சாரம் போய் விசிறிக்கொண்டு உட்கார்ந்த புயல் நாட்களிலும், போன் தலைமாட்டில் பாடியது. அவள் பக்கத்தில் படுத்து முதுகில் தட்டிக் கொடுப்பாள். தட்டுகிற கைக்கு இசைவாக அவள் வாயிலிருந்து 'ச்சு... ச்சு...' என்று ஒரு சத்தம் வரும். மாட்டை அமர்த்தும்போதும், பால் பொங்கி வரும்போதும் வருமே, அதேதான். அது பாட்டு இல்லை. அதற்குத் தடையும் இல்லை.

பிரகதி அவளைப் பெரிம்மா என்று கூப்பிட்டாள். கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவளும் செவ்வந்திதான்.

சிங்கப்பூர்ச் சேதியை மதிவாணன் சாப்பிடும்போது சொன்னார். உரம் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"அடுத்த மாசம் வர்றாங்களாம். ஸ்கூல்ல சேக்கணுமாம். கூட்டிட்டுப் போறாங்களாம்."

"யார?"

"யாரன்னா? பிரகதியைத்தான்."

செவ்வந்தி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். "மூணு தடவை என் புள்ளன்னு சொல்லி வாங்கினேனே, அது என்ன கணக்கு?"

"அது சாங்கியம்டி."

"உங்களுக்குச் சாங்கியம். பெரிய மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசவும் செய்தாள். பஞ்சநதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நம் வகையறாவில் ஏழு வயது முடிகிற வரை வாங்கினவள் வீட்டில்தான் பிள்ளை இருக்கும், நான் எடுத்துச் சொல்கிறேன் என்றார். அவரிடம் ஊரில் இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை; கேட்க ஒருத்தி வந்தது பெருமையாகத்தான் இருந்தது. செவ்வந்திக்கோ தைரியம் வேறு இடத்திலிருந்து வந்தது. நாள்தோறும் எலிக்கூடத்தில் பதினேழாம் நம்பரைப் பார்த்தாள். மைக் தொங்கும், கோடு ஓடும், அந்த எலி தாயை முந்திக்கொண்டு ஓடும். பத்துக்கு ஒன்பது தரம் அதுதான். எலிக்கே தெரிகிறது, மனுஷிக்குத் தெரியாதா என்று நினைத்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எலியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினாள் என்று ஊர் சிரிக்கும்.

அவர்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். பிரகதி செவ்வந்தியின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மோகனப்பிரியா குனிந்து சாக்லெட் டப்பாவை நீட்டினாள், வாங்கவில்லை. பேசும் பொம்மையை எடுத்துக் காட்டினாள்; எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஒளிந்தது. அன்றைக்குச் சோறு ஊட்டவும், குளிப்பாட்டவும், படுக்கவும் பெரிம்மாதான் வேண்டும் என்று ஒரே அடம். மோகனப்பிரியா கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. செவ்வந்திக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கு அடியில் குளுகுளுவென்றும் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பஞ்சநதம் வந்தார். சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தார். ஏழு வயசு என்றார். ராஜசேகர் பொறுமையாகத்தான் இருந்தான்.

"பெரியப்பா, விசா வந்தாச்சு. ஏழு வயசுன்னு அங்க போய் யார்கிட்ட சொல்றது?"

"அப்ப வாங்கினவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?"

"அண்ணிகிட்ட கேக்காம கூட்டிட்டுப் போவோமா? அண்ணி செஞ்சதுக்கு நாங்க செருப்பாத் தேயணும். ஆனா எங்க புள்ள எங்ககிட்ட வளரணுமா வேணாமா?"

எங்க புள்ள என்ற சொல் செவ்வந்தியைக் கிளப்பிவிட்டது. இதுவரை கதவோரம் நின்றவள் கூடத்துக்கு நடுவே வந்தாள்.

"யார் புள்ளங்கறத நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்லல. அவளே சொல்லட்டும். யார்கிட்ட போறாளோ அவங்க வச்சுக்கலாம்."

"அண்ணி, குழந்தைக்கு என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும்."

மதிவாணன் மட்டும், "வேணாம் செவ்வந்தி," என்றார். அவர் அப்படிக் குறுக்கே பேசுகிறவர் இல்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாள் முழுக்க முந்தானையை விடாத குழந்தை. ஒரு ராத்திரியில் மாறிவிடுமா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த நிமிஷத்தில் இதே தெளிவுதான் இருக்கும்.

கூடத்தின் ஒரு கோடியில் செவ்வந்தி உட்கார்ந்தாள். மறு கோடியில், அலமாரிப் பக்கம், மோகனப்பிரியா. நடுவில் பிரகதியை நிறுத்தினார்கள். தயிர்சாதம் உண்ட மயக்கத்தில் அது கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது.

"பிரகதி, பெரிம்மாட்ட வாடி தங்கம்."

குழந்தை சிரித்துவிட்டு அவள் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. செவ்வந்தி கையை நீட்டினாள்.

மோகனப்பிரியா கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையோடு அவளுக்கு இருந்த பேச்சுவார்த்தை எல்லாம் ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு, தழதழத்த குரலில், ஆராரோ என்று எடுத்தாள்.

பிரகதி நின்றாள். திரும்பினாள். முதலில் போன் எங்கே இருக்கிறது என்று தேடினாள். அலமாரி மேலே பார்த்தாள், ஜன்னலில் பார்த்தாள். அப்புறம்தான் அந்தப் பாட்டு ஒரு வாயிலிருந்து வருவதைக் கண்டாள். கண் அகன்றது. கட்டைவிரல் தானாக வாய்க்குப் போயிற்று. தூக்கத்தில் நடக்கிற மாதிரி மெல்ல நடந்து போய், அந்த மடியில் தலையை வைத்துச் சுருண்டு படுத்துக்கொண்டாள். மூன்றாவது அடியில் குரல் பிசிறியது, போனில் பிசிறுகிற அதே இடத்தில்.

நீட்டிய கையோடு செவ்வந்தி இருந்தாள். தானும் பாடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இந்த வீட்டில் இப்போது யார் தடுக்கப் போகிறார்கள்? வாயைத் திறந்தாள். நாலு வருஷமாக அடைத்து வைத்த தொண்டையில் பாட்டு என்று ஒன்று இருக்கவே இல்லை. காற்றுதான் வந்தது. பாட்டு முடிந்தபோது லிப்ட் மணி அடிக்கவில்லை. குழந்தை அதற்குள் தூங்கிவிட்டது.

"சரி, முடிஞ்சுது," என்று பஞ்சநதம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொம்பளைங்க சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிடுங்க."

பேச்சு பேச்சுத்தான். செவ்வந்தி தன் கையாலேயே பிரகதியின் துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். கிளம்புகிற அன்று குழந்தைக்குப் புதுச் சட்டை, புதுச் செருப்பு, முதல் தடவை விமானம். கார் ஜன்னல் வழியே கையை ஆட்டி, "பெரிம்மா, டாட்டா! சாயங்காலம் வந்துடுவேன்!" என்றது. அழும் என்று செவ்வந்தி காத்துக்கொண்டிருந்தாள். அழுதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் காத்திருந்தாள். கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, ரைஸ்மில் பக்கம் திரும்பி மறைகிற வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அழுகைச் சத்தம் வரவில்லை.

பத்து நாள் லீவு போட்டவள் பதினோராம் நாள் எலிக்கூடத்துக்குப் போனாள். பதினேழாம் நம்பர்க் கூண்டு காலியாகக் கிடந்தது. அட்டையை உருவியிருந்தார்கள்.

"இது எங்க?"

ஷமீரா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள். "முடிச்சாச்சுக்கா. குட்டி சத்தத்துக்கு ஓடக் கத்துக்கிட்டதுல மூளைல என்ன மாறியிருக்குன்னு எடுத்துப் பாக்கணும்ல. அதுக்குத்தானே வச்சிருந்தது."

"அந்தத் தாய் எலி?"

"அது இருக்கு. அடுத்த ஈத்துக்கு வேணும்."

செவ்வந்தி கூண்டை எடுத்துக் கவிழ்த்து உமியைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர்க் குழாயைத் திறந்தபடியே கேட்டாள்.

"அது கவ்வி எடுத்த குட்டிங்க, அதைத் தேடுமா?"

ஷமீராவுக்கு வீட்டு விஷயம் தெரியும். மதிவாணன்தான் லீவு சொல்ல வந்தபோது சொல்லியிருந்தார். அவள் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆராய்ச்சிக்காரிக்குப் பொய் வரவில்லை.

"இல்லக்கா. குட்டி யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாது. குளிருது, யாராச்சும் வாங்கன்னுதான் கத்தும். யார் தூக்கினாலும் சூடு கெடச்சா அடங்கிடும். நம்ம எழுதுறது எல்லாம் தூக்குறவங்களைப் பத்தித்தான்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையேக்கா."

உண்மைதான். அவள் கேட்கவில்லை. எலி ஓடியதைத்தான் பார்த்தாள். குட்டி என்ன செய்தது என்று பார்க்கவே இல்லை. அதோடு, குட்டிக்குத் தாலாட்டு என்று எலிக்கூடத்தில் எதுவும் கிடையாது. அங்கே யாரும் யாருடைய குரலையும் அடைக்கவில்லை. மனுஷர்களுக்கு மட்டும்தான் அந்த யோசனை வரும். போனை எடுத்துத் தரையில் அடித்து உடைக்கலாம் போலிருந்தது. தன் கையாலேயே அல்லவா ஒரு நாள் விடாமல் அந்தப் பாட்டைப் போட்டாள்!

மூன்று வாரம் போயிற்று. சிங்கப்பூரிலிருந்து ராஜசேகர் போட்டோ அனுப்பினான், குழந்தை சீருடையில் நிற்பது போல. பேச வேண்டாம், பேசினால் ஏங்கிவிடும் என்று பிரியா சொல்வதாகவும் எழுதியிருந்தான். செவ்வந்தி அந்தப் போட்டோவைக்கூட இரண்டாம் தரம் திறக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறரை மணி. ஷமீரா போய்விட்டாள். தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவி ஸ்டீல் மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மோகனப்பிரியா.

"அக்கா..." அவள் குரலுக்குப் பின்னால் அழுகை. சாதாரண அழுகை இல்லை. அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. "அக்கா, வச்சுடாதீங்க. வந்ததுலேருந்து ஒரு நாள்கூட ஒழுங்காத் தூங்கலக்கா. பாடிப் பாத்துட்டேன். பழைய ரெக்கார்டு எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். பாட்டைக் கேட்டதும் படுத்துக்குறா, அப்புறம் எதையோ தேடுறா. ச்சு ச்சு வேணும், ச்சு ச்சு வேணும்னு கத்துறா. என்னக்கா அது? பொம்மையா? துணியா? எங்க இருக்குன்னு சொல்லுங்க, அனுப்பச் சொல்லி வாங்கிக்கிறேன்."

செவ்வந்திக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. அன்றைக்குக் கூடத்தில், நீட்டிய கையோடு, இல்லாத பாட்டைத் தேடிக்கொண்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளே! நாக்கு நுனியில் இருந்ததைத் தட்டியிருந்தால் போதும். அதை ஒரு குரல் என்றே அவள் நினைத்திருக்கவில்லை.

உடனே கோபம் வந்தது. நன்றாக அழட்டும் என்று தோன்றியது. உங்கம்மாவைக் கேள், எந்த மடிக்காரி வாயில் அது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்று சொல்லலாம். எனக்குத் தெரியாது என்று ஒரே சொல்லில் வைத்துவிடலாம். சாகும் வரை பிரியா தேடிக்கொண்டே இருக்கட்டும். நாலு வருஷத்துக்கு அந்த ஒரு பொருளாவது தன்னிடம் மிஞ்சட்டும்.

"அக்கா, இருக்கீங்களா?"

பின்னால் குழந்தை மூச்சை இழுத்து வீறிட்டது.

செவ்வந்தி யோசித்ததெல்லாம் அந்த வீறிடலுக்கு முன்னால்தான். அவள் கை அதற்குள் ஈரமான மேஜையைத் தட்ட ஆரம்பித்திருந்தது.

"போனை அவ காதுகிட்ட வை," என்றாள். "ச்சு... ச்சு... ச்சு..."

அழுகை ஒரு தரம் இடறியது. மறுபடி எழுந்தது. "ச்சு... ச்சு..." விம்மலானது. விம்மலுக்கு நடுவே, வெகு தூரத்திலிருந்து, "பெரிம்மா?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை; சொன்னால் குரல் உடைந்து, பிள்ளை விழித்துக்கொண்டுவிடும். தட்டிக்கொண்டே, ச்சு கொட்டிக்கொண்டே நின்றாள். வெளியே கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் போகிற சத்தம் கேட்டது. விம்மல் விட்டு விட்டு வந்து, மூச்சாக மாறி, அந்த மூச்சும் சீரானது. அந்த மூச்சு அவளுக்குப் பாடம். இன்னும் இரண்டு நிமிஷம் தட்டினால் கட்டைவிரல் வாயிலிருந்து நழுவும்.

அந்தப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். கதவை மெல்லச் சாத்துகிற சத்தம். பிறகு மோகனப்பிரியா, கிசுகிசுப்பாக.

"தூங்கிட்டாக்கா. எவ்வளவு நாளாச்சு இப்படித் தூங்கி! ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்க்கா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். உண்மையாகவே நன்றிதான் அந்தக் குரலில் இருந்தது. வேறு எதுவும் இல்லை. "அவரு போன்ல எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணிட்டாரு. நல்லா விழுந்திருக்கு. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

போன் அணைந்தது. எலிக்கூடத்தில் எந்தச் சத்தமும் இல்லை, அல்லது அவள் காதுக்கு எட்டவில்லை. செவ்வந்தியின் கை மட்டும் இன்னும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது.